மோட்டார் பக்கம் போன மாட்டுமணி

கொல்லிமலையில் என்னைக் கேட்காமல் எவரும் எவரையும் பழிவாங்கியது கிடையாது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சி முதல் மேலே அருவி விழுகிற இடம் வரைக்கும், பங்காளி மேல் பங்காளிக்கோ மாமியார் மேல் மருமகளுக்கோ கோபம் வந்தால், முதலில் ஜொஹ்ரா டீச்சர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் திட்டம் தயாராகிவிடும்.

இது மிகை. நானே ஒப்புக்கொள்கிறேன். மலைப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அத்தனை வருடத்திலும், அதற்குப் பிறகும், பழிவாங்க யோசனை கேட்டு என்னிடம் வந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் மறுநாளே எதிராளியோடு ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு தின்று என் முகத்தில் கரியைப் பூசினார்கள். மூன்றாவது ஆள் சின்னக்கண்ணு. அவன் அப்படி என்னைக் கைவிடவில்லை.

சின்னக்கண்ணு பெரக்கரை நாட்டுக்காரன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவன் ஊர், நான் வேலைக்கு வந்து, பிறகு ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்ட அதே சிற்றூர். இப்போது அவனுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு மெதுவாக வரும். ஒன்று கேட்டுவிட்டு நாம் போய் அடுப்பில் இருக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தால், அப்போதுதான் பதில் வாசலுக்கு வந்திருக்கும். ஆனால் வருகிற பதில் சரியாக இருக்கும். எழுத்து ஏறவில்லை. எண் பத்தோடு நின்றுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழில் இதற்கு ஒரு நீளமான பெயர் எழுதியிருக்கிறது. ஊர் அவனுக்கு வைத்திருந்த பெயர் அதைவிடச் சின்னது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், சொன்னவர்களுக்கு இன்னொரு தடவை சொன்ன சந்தோஷம் கிடைத்துவிடும்.

சின்ன வயதில் என் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே அறை, நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் என்று என்னிடம் ஒரு சாக்கு இருக்கிறது. அது சாக்குதான். அவனுடைய அண்ணன் காளியண்ணனும் என்னிடம்தான் படித்தான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றேழாம் வருடம் ஐப்பசி மழையில் அவர்களுடைய அம்மா அத்தாயி இறந்துபோனாள். அத்தாயிக்குப் பலாமரத்தடியில் ஒரு கூரை வீடு, சரிவில் கொஞ்சம் காடு, ஒரு மாடு. மூத்தவன் கல்யாணம் முடித்துத் தனி வீடு போன பிறகு அவளும் சின்னக்கண்ணுவும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் காளியண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தம்பியை இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஊரே உச்சுக் கொட்டிப் பாராட்டியது. அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவின் மாட்டையும் தம்பியையும் ஒரே நடையில் ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு பேரையும் ஒரே இடத்தில்தான் விட்டான். கட்டுத்தறியில்.

விடியும் முன்னால் சாணம் அள்ளுவதில் தொடங்கினால், பொழுது சாயும்போது மரவள்ளிக் கிழங்கு மூட்டையை லாரி நிற்கிற இடத்துக்குச் சுமப்பது வரைக்கும் சின்னக்கண்ணுதான். சோறு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகு. இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்காதது ஒன்றுதான். சாயங்காலமானால் அம்மாவின் வீட்டுக்குப் போய், அணைந்து கிடக்கிற அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான். ஒவ்வொரு நாளும் தேடிப் பிடித்து இழுத்துவரச் சலித்துப்போன காளியண்ணன், ஒரு நாள் மாட்டின் கழுத்திலிருந்த மணியை அவிழ்த்துத் தம்பியின் கழுத்தில் கட்டிவிட்டான். இனி எங்கே போனாலும் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று.

பதினொரு நாள் அந்த மணி அவன் கழுத்தில் இருந்தது. டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் ஹை, ஹை என்று ஓட்டினார்கள். பன்னிரண்டாம் நாள், பலாமரத்துக்கு அடுத்த வீட்டுக் கண்ணாயி கதிர் அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்துப் போட்டாள். கண்ணாயி புருஷனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், பயம் என்பதும் இல்லாதவள். அறுத்த கயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே சின்னக்கண்ணு ஒன்று சொன்னானாம்.

"நான் மறக்க மாட்டேனுங்க்கா."

ஊரில் எல்லோரும் அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் நிற்காது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

தொண்ணூற்றொன்பதில் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குச் சாமை மில் வந்தது. அதுவரைக்கும் சாமையை உரலில் போட்டுக் குத்துவதுதான். எங்கள் பக்கத்து அளவில் இரண்டு வள்ளம் சாமைக்குத் தோளெலும்பு இரண்டும் கழன்றுவிடும். மில் வந்த மாதமே பெண்கள் உரல்களைச் சாய்த்துப் போட்டார்கள். காளியண்ணன் தன் வீட்டு உரலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியாக்கிவிட்டான். இந்த உரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குத் தலைவி கண்ணாயி. மோட்டார், முள்ளுக்குறிச்சியில் என் மகன் சிராஜுதீன் கடையிலிருந்து வந்தது. மில்லை ஓட்ட அடிவாரத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்தார்கள். அவன் மார்கழிப் பனிக்குப் பயந்து நான்காம் மாதம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். கண்ணாயி தானே ஓட்டிப் பார்த்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே தினமும் வந்து நின்று மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த சின்னக்கண்ணு, கல்லு பசியில ஓடுது என்றான். கண்ணாயி எட்டிப் பார்த்தாள். மேல்தொட்டியில் சாமை தீர்ந்து, வெறும் கல் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கல் வெடித்திருக்கும். அவள் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து, இவனுக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், நீங்கள் பாக்கி வைத்த பாடம் இருக்கிறது என்றாள். அவள் நாக்குக்குத் தனியாக ஓர் அரிவாள் உண்டு.

சொல்லிக் கொடுத்தேன். சுவிட்சில் பச்சைத் துணி, சாமை விழுகிற கதவில் மஞ்சள் துணி, நிறுத்துகிற கைப்பிடியில் சிவப்புத் துணி. பச்சை முதலில், மஞ்சள் பிறகு, எதிலாவது சந்தேகம் வந்தால் சிவப்பு. மூன்றே துணி, பழகுவதற்கு ஐந்து மாதம். ஆறாம் மாதத்திலிருந்து பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியிருக்கவில்லை. துணி அவனுக்கு வரிசையைச் சொன்னது. உமி எவ்வளவு போயிருக்கிறது என்பதைச் சொல்லத் துணி தேவைப்படவில்லை. அது அவன் காதில் இருந்தது.

யாருடைய முறை என்பதுதான் சிக்கல். பெயர் எழுதி வைத்தால் அவனால் படிக்க முடியாது. சுவரில் ஒரு பலகை அடித்தோம். ஒரு பாதி ஜன்னல் பக்கம், மறுபாதி மோட்டார் பக்கம். இரண்டிலும் வீட்டுக்கு ஓர் ஆணி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் அடையாளமாக ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து தொங்கவிட வேண்டும். ஜன்னல் பக்கம் தொங்கினால் அரைக்க வேண்டியது. அரைத்துக் கொடுத்ததும் சின்னக்கண்ணு அதை மோட்டார் பக்கம் மாற்றிவிடுவான். கண்ணாயி கண்ணாடி வளையலைக் கட்டினாள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி திறக்காத பூட்டு ஒன்றின் சாவியைக் கொடுத்தார்.

காளியண்ணன் அந்த மாட்டுமணியைக் கொண்டுவந்தான். வேறு எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லையாம்.

"இதப் பாத்தா இவன் எங்கூட்ட மறக்கவே மாட்டான்" என்று சொல்லிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. மணியை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடமே அவன் கட்டுத்தறியை விட்டு அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினான். யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு காலையில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான், அவ்வளவுதான். தனியாக ஒருவன் இருப்பதென்றால் என்னென்ன வேண்டுமோ அதை நானும் கண்ணாயியும் பங்கு போட்டுக்கொண்டோம். நான் கரித்துண்டால் சுவரில் மூன்று படம் வரைந்தேன்: தண்ணீர் தெளித்த அடுப்பு, அணைத்த விளக்கு, தாழ் போட்ட கதவு. அடுப்பு ஆமை மாதிரி இருக்கிறது என்றாள் கண்ணாயி. சின்னக்கண்ணுவுக்குப் புரிந்தது, எனக்கு அது போதும். காலையில் கண்ணாயி தன் வாசலிலிருந்தே மூன்று கேள்வி கேட்பாள். அவன் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மில்லுக்குப் போவான். சந்தைக்கு அவளோடு போவான். எது வேண்டும் என்பதை அவன்தான் சொல்வான். இரண்டு தடவை சோற்றைக் கருக்கினான். ஒரு தடவை மூடுபனியில் வழி தவறி ஒரு முழுப் பகல் மிளகுக் கொடிகளுக்குள் சுற்றினான். நானும்தான் கருக்கியிருக்கிறேன், நானும்தான் வழி தவறியிருக்கிறேன். என்னை யாரும் கட்டுத்தறிக்குத் திரும்பிப் போ என்று சொன்னதில்லை.

காளியண்ணனுக்கு இரண்டு இழப்பு. கேட்ட வேலையெல்லாம் செய்கிற ஆள் போனான். பலாமரத்தடி வீடும் காடும் கைக்கு வராமல் நின்றது. காத்திருந்தான்.

இரண்டாயிரத்து இரண்டு தை மாதம். எங்கள் ஊரில் தை நோம்பித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலடியில் அடுப்புக்கு, அதாவது தனியாகச் சமைக்கிற வீட்டுக்கு, ஒரு பொங்கல் பானை வைப்பார்கள். அவரவர் காட்டில் விளைந்த சாமையாக இருக்க வேண்டும். முந்தின நாள் உமி நீக்கியதாக இருக்க வேண்டும். இரவல் வாங்கிய அரிசி கூடாது. பானை வைத்தவனுக்குத்தான் ஊரில் பேச்சு, கறியில் பங்கு. பானை வைக்காத அடுப்பை ஊர் ஓர் அடுப்பாகவே எண்ணாது. அந்த வீட்டுக் கூரையை எவன் பிரித்தாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நோம்பிக்கு ஊர் கூடிப் பேசிய அன்று சின்னக்கண்ணு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய புதுப் பானையோடு வந்து நின்றான். நானும் பானை வைக்கிறேன் என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் முடிப்பதற்குள் காளியண்ணன் எழுந்துவிட்டான்.

"இவனுக்கு ஏதுங்க தனி அடுப்பு? அது எங்கம்மா அடுப்பு. நானும் இவனும் ஒரே அடுப்புதானுங்க. நோம்பி முடியட்டும், அந்தக் கூரையப் பிரிச்சுப் போட்டுட்டு இவன எங்கூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி கெட்டவர் இல்லை. யார் குரல் உயர்ந்து வருகிறதோ அவர்கள் பக்கம் தலையாட்டுகிற நல்லவர்.

"அண்ணந்தம்பி ஒரே அடுப்புன்னா ஒரே பானைதான்" என்று முடித்துவிட்டார்.

காளியண்ணன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தம்பி கையிலிருந்த புதுப் பானையை வாங்கித் தன் மனைவி பொன்னாயியிடம் கொடுத்து, நமக்கு ஒரு பானை மிச்சம் என்றான். பொன்னாயி வாங்கிக்கொண்டாள். சின்னக்கண்ணு காலியான தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பானையைப் பிடித்திருந்த மாதிரியே அவை வளைந்திருந்தன.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. அண்ணன் நாளைக்கு மில்லுக்கு வருவான், அரைத்துக் கொடுக்கவா வேண்டாமா என்று கேட்டான். நான் டீயைக் கீழே வைத்தேன். அக்கம்பக்கம் பார்த்தேன். அவன் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அது என்ன வாக்கியம் என்பதை மறுநாள் மில்லில் ஊரே பார்த்தது. நான் நல்லவள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் பகலில் நான்கு மணி நேரம்தான் மில்லுக்குக் கரண்டு. காலை பத்திலிருந்து இரண்டு வரை. அதனால் ஊர்க்கவுண்டரே தண்டோரா போட்டிருந்தார்: அடுப்புக்கு ஒரு முறை, இரண்டு வள்ளம், இரண்டாம் முறை எவருக்கும் கிடையாது, கவுண்டர் வீட்டுக்கும் கிடையாது. வரிசை வாசலூர்பட்டி ஏரி வரைக்கும் போய், படகில் ஏறி நின்றது. சரி, டீக்கடை வரைக்கும்.

பத்து அடித்ததும் சின்னக்கண்ணு பச்சைத் துணியைத் தொட்டான். முதலில் தன்னுடைய இரண்டு வள்ளம் சாமையைத் தொட்டியில் கொட்டினான். அம்மாவின் சரிவுக் காட்டில் அவனும் கண்ணாயியும் விதைத்து அறுத்தது. அரிசியைச் சாக்கில் கட்டி, சாக்கைக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பிறகு எழுந்து பலகைக்குப் போனான். அண்ணன் வீட்டு ஆணியிலிருந்த மாட்டுமணியை எடுத்தான். மோட்டார் பக்கம் மாட்டினான். மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. இதென்ன கண்ணு என்று கண்ணாயி கேட்டாள். எங்க அடுப்பு மொறை முடிஞ்சுதுங்க்கா என்றான். கண்ணாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுச் சாமையை அவன் நிதானமாக வாங்கிக் கொட்டினான்.

காளியண்ணனின் முறை பன்னிரண்டு மணி வாக்கில் வந்தது. பொன்னாயி முறத்தோடு பின்னால் நின்றாள்.

"ஊத்துடா" என்றான்.

சின்னக்கண்ணு பலகையைக் காட்டினான்.

"மணி மோட்டார் பக்கம் போயிருச்சுங்ண்ணா."

"எவன்டா மாத்துனது?"

"நாந்தானுங்க. காலைல மொதல்ல நம்ம அடுப்புக்குத்தான் போட்டேன். ரெண்டு வள்ளம்."

"அது உன்ற சாமைடா."

இதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரமானது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவன் வாயைப் பார்த்து ஊர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரே அடுப்புதானுங்களே."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நானாக இருக்கலாம். சிரிப்பு வாசலைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. காளியண்ணன் முறைத்துக்கொண்டு தன் மூட்டையைத் தானே தூக்கித் தொட்டியில் கொட்டப் போனான். சின்னக்கண்ணு சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தான். மோட்டார் நின்றது. சந்தேகம் வந்தால் சிவப்பு என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மோட்டார் நின்ற பிறகுதான் வரிசைக்குப் புரிந்தது. இரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும். இன்னும் இருபது வீடு பாக்கி. இதுவரைக்கும் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது காளியண்ணன் மேல் பாய்ந்தார்கள். உன் ஒருத்தனால் எங்கள் பானை காலியாகப் போக வேண்டுமா என்று. டீக்கடையிலிருந்து ஊர்க்கவுண்டரை இழுத்து வந்தார்கள். அவர் மணியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், சத்தம் எந்தப் பக்கம் பெரிதாக இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார்.

"ஒரே அடுப்புன்னா ஒரே மொறைதானப்பா" என்றார்.

அப்படியானால் அந்த அரிசியை என்னிடம் கொடுக்கட்டும், நான் பானை வைத்துக்கொள்கிறேன் என்றான் காளியண்ணன். சின்னக்கண்ணு திரும்பிப் போய்ச் சாக்கின்மேல் அழுத்தி உட்கார்ந்தான். கவுண்டர் ஒரு பானை என்றுதான் சொன்னார், யார் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, நம் அடுப்புப் பானையை நானே வைக்கிறேன், நீங்கள் பின்னால் வந்து நில்லுங்கள் என்றான். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்டு இருக்கிற நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஒருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்குப் போய் உரலில் குத்திக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். அந்த உரலில் மாடு வாய் வைத்து இரண்டு வருடமாகிறது என்றாள் கண்ணாயி. அம்மனுக்கு அதில் குத்தி வைக்கப்போகிறாயா காளியண்ணா என்று கேட்டும் விட்டாள்.

கடைசியில் பொன்னாயிதான் உடைந்தாள். அவள் அண்ணன்மார் நோம்பிக்கு வருகிறார்கள். பானை இல்லாமல் கோயிலடியில் நிற்க அவளால் முடியாது.

"சொல்லித் தொலைங்க. வெறுங்கையோட நான் நிக்க மாட்டேன்."

காளியண்ணன் தரையைப் பார்த்து, அவன் தனி என்று முணுமுணுத்தான்.

"கேக்கலீங்ண்ணா" என்றான் சின்னக்கண்ணு. "மோட்டார் சத்தம்."

மோட்டார் நின்று பத்து நிமிடமாகியிருந்தது.

"சின்னக்கண்ணு தனி அடுப்பு. போதுமா?"

"கூரையப் பிரிப்பீங்களா?"

"பிரிக்கல."

"கவுண்டருக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு சாமி" என்றார் ஊர்க்கவுண்டர். அவனை அவர் சாமி என்று கூப்பிட்டதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"எம்பானை?"

பொன்னாயி, சாயங்காலம் நானே கொண்டாந்து குடுக்கறேன் என்றாள். கொண்டுவந்தாள். தலையில் வைத்து, ஊர் நடுவாக.

சின்னக்கண்ணு இடுப்பிலிருந்து ஒன்றை உருவினான். அத்தாயியின் கொட்டாங்குச்சி அகப்பை. பிடி கறுத்துப்போய், ஓரம் தேய்ந்து போயிருந்தது. அதை மோட்டார் பக்கம், ஆள் இல்லாத ஆணி ஒன்றில் மாட்டினான். அவன் அடுப்பின் முறை முடிந்தது என்று அர்த்தம். பிறகு மணியை எடுத்து ஜன்னல் பக்கம் மாற்றினான். காளியண்ணன் மூட்டையை நீட்டினான்.

"வரிசைல கடைசிங்ண்ணா. வரிசைய உட்டு வெளிய வந்துட்டீங்க."

காளியண்ணன் டீக்கடை வரைக்கும் நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான். அவனைப் பார்த்து யாரோ ஹை, ஹை என்று ஓட்டினார்கள். அந்தக் குரல் என்னுடையது என்று சொல்கிறார்கள், நான் மறுக்கப்போவதில்லை. அவன் மறுபடியும் மில் வாசலுக்கு வந்தபோது இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சின்னக்கண்ணு கல்லின் சத்தத்தைக் கேட்டான், அண்ணனின் முகத்தைப் பார்த்தான், பாதி உமி போனதுமே நிறுத்தி அப்படியே முறத்தில் தள்ளிவிட்டான். மறுநாள் கோயிலடியில் காளியண்ணன் வீட்டுப் பொங்கலை வாயில் வைத்தவர்கள் எல்லோரும் உமியைத் துப்பினார்கள். பொன்னாயியின் அண்ணன்மார் துப்பினார்கள். ஊர்க்கவுண்டர் துப்பினார். அம்மனே இரண்டு தடவை துப்பியதை நான் கண்ணால் கண்டேன்.

அதே கோயிலடியில், வரிசையின் கடைசியில், சின்னக்கண்ணு தன் பானையை வைத்துப் பொங்கினான். கறியில் ஒரு பங்கு வாங்கினான். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் அடுப்பில் வைத்துத் தின்றான். கூரையை அந்த மாசியில் அவனே ஆள் வைத்துப் புதிதாக வேய்ந்துகொண்டான்.

பிறகு காளியண்ணன் தன் அடையாளத்தை மாற்றக் கேட்டான். மாட்டுமணி வேண்டாம், ஒரு பழைய திருகாணி தருகிறேன் என்றான். குழுவின் விதிப்படி ஒரு தடவை கொடுத்த அடையாளத்தை மாற்ற முடியாது என்றான் சின்னக்கண்ணு. அப்படி ஒரு விதி குழுவில் அதுவரைக்கும் இல்லை. மறுநாள் கண்ணாயி அதைக் குழுவின் நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். இன்றைக்கும் அண்ணன் வீட்டு முறை முடிந்தால், மணியை மோட்டார் பக்கம் மாட்டும் முன்னால் அவன் அதை நன்றாக ஆட்டுகிறான். அவசரமில்லாமல், ஒரு தடவை, இன்னொரு தடவை. மில்லில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எழுதி முடித்ததை நேற்று மில்லுக்கு எடுத்துப் போய், கரண்டு வராத நேரத்தில் அவனுக்கும் கண்ணாயிக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணாயி அரிவாளைப் பற்றி வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள். சின்னக்கண்ணு முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டான். நான் முடித்த பிறகும் பொறுக்கினான். கடைசிக் கல்லை வெளியே எறிந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"உமியோட குடுக்கலீங்க டீச்சர். ரெண்டு தடவ போட்டு எடுத்தேன். அவருக்குன்னாலும் எம்மில்லுல உமி நிக்காதுங்க."

சரி, அந்த இடத்தைத் திருத்திவிடுகிறேன் என்றேன். அவன் இன்னும் முடிக்கவில்லை என்று கண்ணாயி என்னைக் கையமர்த்தினாள். காத்திருந்தோம்.

"அன்னைக்குக் காதுல நீங்க சொன்னது இது இல்லீங்க. 'அண்ணந்தானே, போகட்டும் உடு கண்ணு, அரைச்சுக் குடுத்துரு'ன்னுதான் சொன்னீங்க. நாந்தான் மாட்டேன்னேன்."